இணையம் சொல்லும் மனநல ஆலோசனை: எடைபோடக் கற்பிக்கும் ஐந்து பாடவேளைகள்

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மனம் சரியில்லாதபோது முதலில் யாரை நாடுகிறார்கள்? அம்மா, அப்பா, நண்பர், ஆசிரியர் என்று நாம் ஒரு வரிசை வைத்திருப்போம். நான் அறிவியல் கற்பிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் பெயர் எழுதாத சீட்டுகளில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். மிகுதியாக வந்த விடை ‘போன்’. என்ன தேடினீர்கள் என்ற அடுத்த கேள்விக்கு வந்த விடைகள் இவை: ‘தூக்கம் வர என்ன செய்ய வேண்டும்’, ‘பரீட்சை பயம் போக’, ‘காரணமே இல்லாமல் அழுகை வருவது ஏன்’, ‘ஓவர்திங்கிங் நிறுத்துவது எப்படி’, ‘எனக்கு டிப்ரஷனா’.

இந்தச் சீட்டுகளைப் படித்ததும் போனை வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று சொல்லத் தோன்றலாம். போனை வாங்கி வைத்தாலும் கேள்வி அந்தப் பிள்ளையிடமேதான் இருக்கும். தேடுவதற்கு இருந்த ஒரே இடமும் போய்விடும். அதனால் தேடக் கிடைத்ததை எடைபோடக் கற்பிப்போம் என்று முடிவு செய்து, ஐந்து பாடவேளைகள் கொண்ட ஒரு பாடத்தை உருவாக்கினேன். மூன்று ஆண்டுகளாக நடத்திவரும் அந்தப் பாடத்தை இங்கே பகிர்கிறேன். எந்தப் பாட ஆசிரியரும் இதை நடத்தலாம்.

ஏன் போனிடம் போகிறார்கள்?

பிள்ளைகளே சொன்ன காரணங்கள் மூன்று. போன் இடைமறிக்காது. ‘படிக்கிற வயசுல உனக்கென்ன கவலை?’ என்று கேட்காது. யாரிடமும் போய்ச் சொல்லாது. நம் பிள்ளைகளில் பலரிடம் இருப்பது சொந்தப் போன் கூட இல்லை. அம்மாவின் போனை இரவில் அரை மணி நேரம் வாங்கி, தேடியதைத் தேடிய கையோடு அழித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு பிள்ளை தன் கவலையைச் சுமக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள்.

எத்தனை பிள்ளைகள்? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. அதில் 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரியவந்தது. 40 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று பேர். பாதிப்பு என்று சொல்லும் அளவுக்குப் போகாமல் தேர்வு, நட்பு, வீட்டுச் சூழல் ஆகியவற்றால் அவ்வப்போது வாடுகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

கற்றல் நோக்கங்கள்

1. ஒரு மனநல ஆலோசனையைச் சொல்பவர் யார், அவருக்கு அதில் என்ன தகுதி, என்ன ஆதாயம் என்று கண்டறிதல்.
2. எல்லோருக்கும் பொருந்தும் பொதுச் சொற்களைத் தனக்கே உரிய நோய் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதிருத்தல்.
3. பயனுள்ள ஆலோசனையைத் தன் வீட்டுச் சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுதல்.
4. தான் தனியே செய்ய முடிந்தது எது, பெரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டியது எது என்று பிரித்தறிதல்.

நான்காவது நோக்கத்துக்காகத்தான் மற்ற மூன்றும். தேவையான பொருள்கள்: சீட்டுகள், ஓர் அட்டைப்பெட்டி, விநாடி முள் உள்ள கடிகாரம், உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பாடவேளை.

முதல் பாடவேளை: கேட்டதை எல்லாம் பெட்டியில் போடு

மனநலம் பற்றி இணையத்தில் பார்த்த, கேட்ட ஆலோசனை ஒன்றை ஒவ்வொருவரும் பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். தன் பிரச்சினையை எழுத வேண்டாம், ஆலோசனையை மட்டும் எழுதினால் போதும் என்பதை அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும். சீட்டுகளை வகுப்பில் அப்படியே வாசிக்கக் கூடாது. அன்று மாலை நான் படித்துப் பார்த்து, வேறு கையெழுத்தில் சார்ட்டில் எழுதி மறுநாள் ஒட்டுவேன்.

சார்ட்டில் உள்ளவற்றைக் குழுக்களாகப் பிரித்துப் பார்த்தால் மூன்று வகை தெரியவரும். முதல் வகை, செலவும் தீங்கும் இல்லாத பழக்கங்கள்: மூச்சுப் பயிற்சி, நடை, நேரத்துக்குத் தூக்கம், எழுதுதல், பேசுதல். இரண்டாவது வகை, பெயர் சூட்டுபவை: ‘இந்த ஏழு அறிகுறி இருந்தால் உங்களுக்கு இந்த நோய்’. மூன்றாவது வகை, பொருளை விற்பவை அல்லது உடம்பில் கை வைப்பவை: மாத்திரை, பொடி, பட்டினி, கட்டண வகுப்பு, ‘இந்த மருந்தை நிறுத்திவிடுங்கள்’ என்பவை.

முதல் வகையைச் செய்து பார்க்கலாம். இரண்டாவது வகையைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது வகையை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இந்த மூன்று வரியைப் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

ஒரு வகைக் காணொலியை நின்று பார்த்தால் அதே வகை ஏன் வரிசையாக வருகிறது என்பதையும் இங்கே விளக்கிவிடலாம். டீக்கடையில் இரண்டு நாள் ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்று கேட்டால் மூன்றாம் நாள் மாஸ்டர் கேட்காமலே ஸ்ட்ராங்காகப் போட்டுவிடுவார். இன்ஸ்டாகிராமும் யூடியூப்பும் அப்படித்தான். அழுகைக் காணொலியை முழுதாகப் பார்த்தவருக்கு அடுத்தடுத்து அழுகையே வரும். உலகமே தன்னைப் போல அழுதுகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றும். மாணவர்களுக்கு இது உடனே புரிந்துவிடுகிறது.

இரண்டாம் பாடவேளை: உனக்கென்றே எழுதிய சீட்டு

வகுப்புக்கு முன்பே ஒவ்வொருவர் பெயரும் எழுதிய உறைகளைத் தயார் செய்துகொள்ள வேண்டும். ‘உன்னைக் கவனித்து உன் குணத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன், யாரிடமும் காட்டாமல் படி’ என்று சொல்லிக் கொடுப்பேன். உள்ளே இருக்கும் சீட்டில் இப்படி எழுதியிருக்கும்:

“நீ வெளியே சிரித்துப் பேசினாலும் உள்ளுக்குள் நிறைய யோசிப்பவன்/யோசிப்பவள். சில நாள் எல்லோரோடும் இருக்கப் பிடிக்கும், சில நாள் தனியே இருந்தால் போதும் என்று தோன்றும். ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் விட்டதுண்டு. உன்னை யாரும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைப்பாய். உனக்குள் ஒரு திறமை இன்னும் வெளிவராமல் இருக்கிறது.”

படித்ததும், எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் நான்கு, ஐந்து என்று போடுவார்கள். ‘மிஸ், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?’ என்று கண் விரியக் கேட்பவர்களும் உண்டு. பிறகு பக்கத்தில் இருப்பவரோடு சீட்டை மாற்றிப் படிக்கச் சொன்னால் வகுப்பே சிரிப்பில் அதிரும். எல்லோருக்கும் ஒரே சீட்டு.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க உளவியல் பேராசிரியர் பெர்ட்ராம் ஃபோரர் 1948இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு இப்படி ஒரே குணவிளக்கத்தைக் கொடுத்தார். ஒவ்வொருவரும் அது தனக்கென்றே எழுதப்பட்டது என்று நம்பி மதிப்பெண் இட்டனர். சராசரி ஐந்துக்கு 4.26. அந்த வரிகளில் பெரும்பாலானவற்றை அவர் கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். நம் பிள்ளைகளுக்குக் கிளி சோதிடமும் நாள்காட்டியின் ராசிபலனும் தெரியும் என்பதால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படுவதில்லை.

அடுத்து, ‘ஏழு அறிகுறிகள்’ வகைக் காணொலி ஒன்றின் வரிகளைக் கரும்பலகையில் எழுதுவோம். ‘கவனம் சிதறும்’, ‘பொருளை வைத்த இடம் மறக்கும்’, ‘வேலையைத் தள்ளிப்போடுவீர்கள்’. எத்தனை பேருக்குப் பொருந்துகிறது என்று கை தூக்கச் சொன்னால் எல்லாக் கைகளும் மேலே போகும், என் கை உட்பட.

இந்த இடத்தில் ஆசிரியர் மிகக் கவனமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பொருந்துவதால் மனநோயே பொய் என்று ஆகிவிடாது. மருத்துவர் ஒரு பெயரை வைப்பதற்கு முன் வேறு சில கேள்விகள் கேட்கிறார். எத்தனை நாளாக? எவ்வளவு கடுமையாக? சாப்பாடு, தூக்கம், படிப்பு, பழக்கம் எவையெல்லாம் கெட்டிருக்கின்றன? வேறு உடல் காரணம் உண்டா? இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் கூடச் சோர்வையும் ஈடுபாடின்மையையும் கொடுக்கும். மனச்சோர்வு நோய் என்று சொல்வதற்கு, அறிகுறிகள் நாள் முழுதும் அல்லது பெரும்பகுதி, குறைந்தது இரண்டு வாரம் தொடர்ந்து இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு நிமிடக் காணொலி இந்தக் கேள்விகளில் ஒன்றையும் உங்களிடம் கேட்காது. பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும்.

மூன்றாம் பாடவேளை: சொல்பவர் யார்?

இது ஆய்வகத்தில் நடக்கும் வகுப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர் ஆகியோருக்குச் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து நம்பகத்தன்மையைக் கண்டறியச் சொன்னார்கள். படித்தவர்களில் பலர் அந்தப் பக்கத்திலேயே மேலும் கீழும் போய், அதன் அழகான அமைப்பில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் மட்டும் உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துபவர் யார் என்று வேறு இடங்களில் தேடி விரைவில் உண்மையைக் கண்டார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்ததோடு நிற்காமல் தெருக்கோடியில் விசாரிப்பது போலத்தான் இதுவும் என்று சொன்னதும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு ஆலோசனைக் காணொலியை எடுத்து மூன்று கேள்விகளுக்கு வேறு இடத்தில் விடை தேடுகிறார்கள். பேசுபவர் என்ன படித்திருக்கிறார்? காணொலியின் கடைசியில் எதையாவது வாங்கச் சொல்கிறாரா? இதையே உலக சுகாதார நிறுவனமோ அரசு மருத்துவமனையோ சொல்கிறதா?

தகுதிகளைப் பற்றிய ஒரு சிறு விளக்கமும் வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தருபவர் அவர். அவர் பெயர் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கும். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியிலும் பயிற்சி வழியிலும் சிகிச்சை தருபவர், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர். ‘லைஃப் கோச்’ என்று போட்டுக்கொள்ள எந்தப் பதிவும் தேவையில்லை. பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை ஒரு படிப்பு ஆகாது.

சாட்ஜிபிடி போன்ற செயலிகளிடம் மனம் விட்டுப் பேசுவதாகவும் சில சீட்டுகள் வந்தன. அது பொறுமையாகக் கேட்கும், இதமாகப் பதில் சொல்லும். தவறான தகவலையும் அதே இதத்தோடு சொல்லக்கூடும். நீ சொன்னதைக் கொண்டுதான் அது பேசும். நீ சொல்லாமல் விட்டதை உன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க அதனால் முடியாது. ராத்திரி பதினோரு மணிக்கு உன் வீட்டுக் கதவைத் தட்டி ‘என்னம்மா ஆச்சு?’ என்று கேட்கவும் வராது.

நான்காம் பாடவேளை: உன் நாடியில் சோதித்துப் பார்

முதல் வகை ஆலோசனைகளில் ஒன்றையாவது வகுப்பிலேயே சோதிக்க வேண்டும். ‘மெதுவாக மூச்சுவிட்டால் படபடப்பு அடங்கும்’ என்பதை எடுத்துக்கொள்கிறோம். மணிக்கட்டில் நாடி பார்த்து ஒரு நிமிடத் துடிப்பை எண்ணிக் குறிக்க வேண்டும். பிறகு எழுந்து நின்ற இடத்தில் ஒரு நிமிடம் குதித்துவிட்டு மீண்டும் எண்ண வேண்டும். துடிப்பு தணியும் வரை சும்மா உட்கார்ந்திருந்து, அதன்பின் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விட்டு, மூன்று நிமிடம் செய்தபின் மறுபடி எண்ண வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும், தலைசுற்றுவதாகச் சொல்பவர்களும் உட்கார்ந்து மற்றவர்களின் கணக்கை எழுதலாம்.

பத்தாம் வகுப்பின் நரம்பு மண்டலப் பாடத்தோடு இது இயல்பாக இணைகிறது. பரிவு நரம்புகள் இதயத் துடிப்பைக் கூட்டுகின்றன, எதிர்ப்பரிவு நரம்புகள் குறைக்கின்றன. மூச்சை வெளிவிடும் நேரத்தை நீட்டும்போது எதிர்ப்பரிவு நரம்புகளின் செயல்பாடு மேலோங்குகிறது.

முடிவுகளைக் கரும்பலகையில் தொகுத்தபோது பலருக்குத் துடிப்பு குறைந்திருந்தது. சிலருக்கு மாற்றமே இல்லை. ஒன்றிரண்டு பேருக்குக் கூடியிருந்தது. இந்தக் கலவைதான் பாடத்துக்கு வேண்டும். ‘நூற்றுக்கு நூறு பலன்’ என்று எவர் சொன்னாலும் நம் வகுப்புக் கணக்கை நினைத்துப் பார்க்கலாம் என்று ஒரு மாணவனே சொன்னான். பலன் தெரியாதவர் தன்னிடம்தான் குறை என்று எண்ண வேண்டியதில்லை என்பதும் இதனால் புரிகிறது. இணையத்தில் சொன்ன பத்தையும் செய்து பார்த்துவிட்டு ‘எனக்கு எதுவுமே வேலை செய்யலை’ என்று மேலும் உடைந்துபோகும் பிள்ளைகளுக்கு இது தேவையான பாடம்.

ஐந்தாம் பாடவேளை: நான்கு கட்டங்கள்

மனநல ஆலோசனைகள் பலவும் ஒரு வீட்டை மனத்தில் வைத்துப் பேசுகின்றன. அந்த வீட்டில் தனிப் படுக்கையறை இருக்கும், கதவைச் சாத்திக்கொள்ளலாம், வெந்நீரில் நிதானமாகக் குளிக்கலாம், காலையில் ஒரு மணி நேரம் சும்மா இருக்கும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் மிகுதியானோர் ஒற்றை அறையில் ஐந்து பேரோடு படுத்து எழுகிறவர்கள். ஆலோசனையைத் தூக்கியெறியாமல் நம் வீட்டுக்கு ஏற்பத் தைத்துக்கொள்வதுதான் இந்த வகுப்பு.

தாளை நான்கு கட்டங்களாக மடிக்கச் சொல்ல வேண்டும். தலைப்புகள்: ‘இணையம் சொல்வது’, ‘என் வீட்டு நிலை’, ‘நான் செய்யக்கூடியது’, ‘பெரியவர்கள் செய்ய வேண்டியது’. முதல் கட்டத்துக்கு ஐந்து ஆலோசனைகளை நானே கொடுப்பேன்.

வந்த விடைகளில் சில எனக்கே பாடமாக இருந்தன. ‘அறையை இருட்டாக்கித் தூங்குங்கள்’ என்பதற்கு, ‘தம்பி லைட் போட்டுப் படிப்பான். நனைத்துப் பிழிந்த துண்டைக் கண்மேல் போட்டுக்கொள்வேன்’. ‘தினமும் டைரி எழுதுங்கள்’ என்பதற்கு, ‘அண்ணன் எடுத்துப் படிப்பான். ரஃப் நோட்டுக் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கிழித்துவிடுவேன்’. ‘நடைப்பயிற்சி செய்யுங்கள்’ என்பதற்கு, ‘குழாயடிக்கு நாலு நடை போகிறேன், அது வேலை. மாலையில் ஒரு நிறுத்தம் முன்னாடி இறங்கி நானும் அவளும் பேசிக்கொண்டு நடப்போம்’. ‘உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள்’ என்பதற்கு, ‘ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் ஏரிக்கரையில் யாரும் கூப்பிட மாட்டார்கள்’.

நான்காவது கட்டத்தை நிரப்பத்தான் பிள்ளைகள் தயங்குகிறார்கள். பெரியவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது என்பதை அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. இணையம் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ‘உன் மனம், உன் பொறுப்பு’ என்பதைத்தான். தேர்வு பயத்துக்கு மூச்சுப் பயிற்சி உதவும். வீட்டில் அடி விழுகிற பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி தீர்வாகாது. அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளும் இடம்தான் அந்த நான்காவது கட்டம். தாள்களை மடித்தபடியே என்னிடம் தருவார்கள், வேறு யாரும் பார்ப்பதில்லை.

ஒரு தாள் சொன்னது

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். முதல் பாடவேளையில் அடிக்கடி தூங்கிவிழும் மாணவி ஒருத்தி. ஆழ்ந்த தூக்கத்துக்கான காணொலிகள் பலவற்றை அவள் பார்த்திருந்தாள். பால் குடித்தாள், கால் கழுவினாள், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். ‘எட்டு மணி நேரம் தூங்குங்கள்’ என்ற வரிக்கு எதிரே இரண்டாம் கட்டத்தில் அவள் எழுதியிருந்தது: ‘அப்பா வந்து படுத்த பிறகுதான் நாங்கள் படுக்க முடியும். சில நாள் ஒரு மணி ஆகும்’. மூன்றாம் கட்டம் வெறுமை. நான்காம் கட்டத்தில் ‘தெரியவில்லை’.

மறுநாள் ஆய்வகப் பொருள்களை எடுத்து வைக்க உதவி கேட்பதுபோல் அழைத்து, தனியே பேசினேன். உன்னையோ அம்மாவையோ அடிப்பதுண்டா என்று நேராகவே கேட்டேன். இல்லை, சத்தம்தான் என்றாள். யாரிடம் சொல்லலாம் என்று அவளிடமே கேட்டு, அவள் சம்மதத்தோடு தலைமையாசிரியரிடம் சொன்னேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று எல்லாப் பெற்றோரும் வருவதால், அன்று அவள் அம்மாவோடு பேசுவது யார் கண்ணையும் உறுத்தவில்லை. அம்மா கேட்ட முதல் கேள்வி, “இவகிட்ட நான் ஒண்ணுமே சொன்னதில்லையே மிஸ், இவளுக்கு எல்லாம் தெரியுமா?”

இரண்டு தெரு தள்ளி அம்மாச்சி வீடு இருந்தது. பள்ளி நாள்களில் இரவு அங்கே படுப்பது என்று முடிவாயிற்று. தலைமையாசிரியர் அறையிலிருந்து அவள் 14416 எண்ணில் பேசினாள். போதைமீட்பு உதவிக்கான 14446 எண்ணை அம்மாவிடம் கொடுத்தோம். அப்பா அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இரண்டு முறை போனார், பிறகு நிறுத்திவிட்டார். அவர் குடி நின்றுவிடவில்லை. அவள் தூங்குகிறாள். முதல் பாடவேளையில் இப்போது விழித்திருக்கிறாள்.

எந்தக் காணொலியும் அவளிடம் ‘உங்கள் வீட்டில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள், அம்மாச்சி வீடு எவ்வளவு தூரம்?’ என்று கேட்டிருக்க முடியாது. இந்தப் பாடத்தை நான் தொடர்ந்து நடத்துவதற்கு இந்த ஒரு தாள் போதும்.

ஆசிரியர் கவனத்துக்கு

இந்தப் பாடத்தை நடத்தினால் பிள்ளைகள் பேச வருவார்கள். அதற்கு முன்பே நாம் சிலவற்றில் தெளிவாக இருக்க வேண்டும்.

‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘உன் பாதுகாப்புக்கு யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் மட்டும், உனக்குத் தெரிவித்துவிட்டுச் சொல்வேன்’ என்பதே நாம் தரக்கூடிய வாக்கு. பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கட்டாயக் கடமை. உண்மையா என்று நாமே விசாரணை நடத்துவதோ, மாணவியைப் பலர் முன் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதோ கூடாது.

நாம் ஆலோசகர் அல்லர். நம் வேலை கேட்பதும், சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பதும். ‘இதெல்லாம் ஒரு கவலையா’, ‘நாடகம் போடாதே’, ‘போன் பார்த்துத்தான் இப்படி ஆகிவிட்டாய்’ என்ற மூன்று வாக்கியங்களும் வாயைத் திறந்த பிள்ளையை மீண்டும் போனிடமே அனுப்பிவிடும்.

பின்வருவன தெரிந்தால் காத்திருக்கக் கூடாது: இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் சோர்வு, சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பெரிய மாற்றம், பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டு விலகுதல், உடம்பில் தானே ஏற்படுத்திக்கொண்ட காயங்கள், சாவைப் பற்றிய பேச்சு, விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல். ‘சாகணும்போல இருக்கா?’ என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆகாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. கனிவோடு கேட்டால் பிள்ளைக்குப் பாரம் இறங்கும். அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், உடன் ஒருவர் இருக்க, பெற்றோரையும் மருத்துவ உதவியையும் அன்றே வரவழைக்க வேண்டும்.

வகுப்பறைச் சுவரில் ஒட்ட வேண்டிய எண்கள் நான்கு. 14416: டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் கட்டணமில்லா மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 1098: குழந்தைகளுக்கான உதவி எண். 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண். 14417: பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். நேரில் பார்க்க, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கிறார்கள். அவர்கள் நம் ஒன்றியத்துக்கு எந்த நாளில் வருகிறார்கள் என்பதைக் கேட்டு, அந்த எண்களுக்குக் கீழே எழுதிவைப்பது நல்லது.

மதிப்பீடு

இதற்கு மதிப்பெண் போடுவதில்லை. பருவத்தின் இறுதியில் பிள்ளைகளிடம் ஒரு புதிய ஆலோசனைக் காணொலியைக் காட்டி, அது மூன்று வகைகளில் எது, சொல்பவர் யார், தன் வீட்டில் எப்படிச் செய்வது, எந்த நிலையில் ஒரு பெரியவரிடம் போவது என்று நான்கு வரி எழுதச் சொல்கிறேன். கடைசி வரியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரியவரின் பெயரை எழுத வேண்டும். அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, சத்துணவு அமைப்பாளர், உடற்கல்வி ஆசிரியர், யாராகவும் இருக்கலாம். அந்த வரியை வெறுமையாக விட்ட தாள்களைத் தனியே எடுத்துவைக்கிறேன். அந்தப் பிள்ளைகளோடு அந்த வாரமே பேசிவிட வேண்டும்.